ஊறுகாய்ப் புல்லால் கெட்ட ஒரு டிரம்

நூறு கிலோவுக்கு மேல் பசும்புல்லை நான் அழுகவிட்டதற்கு ஒரு சொல்தான் காரணம் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "பண்ணத் தெரியாம பண்ணிப்போட்டு சொல்லு மேல பழி போடறாரு" என்பது என் மனைவியின் கட்சி. இருக்கலாம். ஆனாலும் அந்தச் சொல் ஒரு வருடமாக மண்டைக்குள் கிடந்து உருண்டுகொண்டே இருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஊறுகாய்ப் புல். மாதக்கணக்கில் கெடாமல் இருக்க அடைத்து வைக்கிற பசுந்தீவனத்துக்கு, அதாவது சைலேஜுக்கு, தமிழில் புழங்கும் பெயர் அதுதான். வேளாண் துண்டறிக்கை, பயிற்சி வகுப்பு, கால்நடைக் கையேடு, எங்கே பார்த்தாலும் "சைலேஜ் என்னும் ஊறுகாய்ப் புல்" என்று ஜோடியாகவே வரும்.

எங்கள் தோட்டம் தாராபுரம் பக்கம். அம்மா மட்டும் அங்கே இருக்கிறார், மூன்று மாடுகளோடு. நான் கோயம்புத்தூரில் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதித்து சனி, ஞாயிறுக்கு மட்டும் விவசாயி ஆகிறவன். இந்த மாதிரி ஆட்களுக்கே உரிய ஒரு வியாதி உண்டு. எதையாவது புதுசாகச் செய்து பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தேன், ஒரு தாள் கொடுத்தார்கள். வரப்போரம் நின்ற கோ-4 புல் மழைக்கு ஆள் உயரம் வளர்ந்து மாடுகள் தின்று தீர்க்க முடியாமல் முற்றிக்கொண்டிருந்தது. சித்திரை, வைகாசியில் இதே புல்லுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைவோம். இப்போது கிடைப்பதை அப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஒரு நீல டிரம் வாங்கினேன், இருநூறு லிட்டர். புல்லை அறுத்தேன், தட்டு (சோளத் தாளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வெட்டுகிற மெஷினில் போட்டுத் துண்டு துண்டாக்கினேன், வெல்லக் கரைசல் தெளித்தேன், உப்புப் போட்டேன், மிதித்தேன், மூடினேன்.

இதுவரைக்கும் சரி. அப்புறம் செய்ததுதான் வினை. என் கையில் இருந்த தாளில் "காற்றுப் புகாமல் மூடவும்" என்று எழுதியிருந்தது, நான் படிக்கவும் படித்தேன். ஆனால் தலைப்பில் ஊறுகாய் என்று இருந்ததே! ஊறுகாய் என்றால் என்ன செய்வோம்? ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைப்போம். தினமும் குலுக்குவோம், ஈரமில்லாத கரண்டியால் மேலும் கீழும் புரட்டி விடுவோம், வெயிலில் வைப்போம், பூசணம் வந்துவிடுமோ என்று பயந்தால் இன்னொரு கை உப்பு அள்ளிப் போடுவோம். ஆயா செய்ததும் அதுதான், அம்மா செய்வதும் அதுதான், எந்தத் தாளும் பார்க்காமல் என் கைக்குத் தெரிந்ததும் அதுதான். தாளில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு என்று இருந்ததை "கெட்டுப் போயிரக் கூடாதே" என்று நான் ஐந்து கிலோ ஆக்கினேன். சனிக்கிழமை தவறாமல் மூடியைத் திறந்து, கையுறை மாட்டிக்கொண்டு, அடிவரை புரட்டி, பெருமையாக மூடினேன். ஆறு சனிக்கிழமை.

ஆறாவது சனிக்கிழமை மேலே ஒரு சாண் ஆழத்துக்கு வெள்ளையும் நீலமுமாகப் பூசணம் மெத்தை விரித்த மாதிரி படர்ந்திருந்தது. அடியில் கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு சேறு. நாற்றத்தைச் சொல்ல வேண்டுமே... கெட்டுப்போன வெண்ணெயும் நனைந்த காலுறையும் சேர்ந்த ஒரு நாற்றம். இரண்டு நாள் விரலிலிருந்து போகவில்லை. மாட்டுக்கு வைத்துப் பார்க்க நினைத்தேன், அம்மா விடவில்லை. பூசணம் பிடித்த தீனியைக் கறவை மாட்டுக்கு வைக்கக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிரம்மைக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கவிழ்த்தோம். "ஊறுகா போடத் தெரியாதவனெல்லாம்..." என்று அம்மா ஆரம்பித்துப் பாதியில் சிரித்துவிட்டார்.

திறக்கக் கூடாத ஜாடி

என்ன தப்பு நடந்தது என்று அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். சைலேஜ் தயாராவது இப்படி. அறுத்த புல் உடனே செத்துவிடுவதில்லை, டிரம்முக்குள்ளேயும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இடுக்குகளில் இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றையும் அது தின்று தீர்த்ததும், காற்று இல்லாமலே பிழைக்கிற பாக்டீரியாக்களின் ராஜ்ஜியம் தொடங்கும். அதில் நமக்கு வேண்டிய கூட்டம், புல்லில் இருக்கும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகிற கூட்டம். அமிலம் ஏற ஏற பிஎச் அளவு 4-க்குப் பக்கத்தில் இறங்கும், அங்கே இறங்கிவிட்டால் அழுக வைக்கிற எதுவும் தலைதூக்காது. அந்த அமிலத்தைத் தயாரித்தவர்களும் அதற்குள்ளேயே ஓய்ந்துவிடுவார்கள். எல்லாம் அடங்கி, உள்ளே ஒன்றும் நடக்காத அமைதி வரும். அந்த அமைதியைத்தான் மாதக்கணக்கில் சேமித்து வைக்கிறோம். திறந்தால் போச்சு. காற்று பட்டவுடன் ஈஸ்டும் பூசணமும் எழுந்து, இருக்கிற அமிலத்தையே தின்ன ஆரம்பித்துவிடும். நான் வாரத்துக்கு ஒருமுறை அவற்றுக்கு விருந்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு தப்பும் இருந்தது, அதற்குச் சொல்லைக் குறை சொல்ல முடியாது. மழைப் புல்லில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், சர்க்கரையும் குறைவு. ஒரு பகல் வெயிலில் வாட விட்டு அறுபத்தைந்து, எழுபது சதவீதத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். தண்ணீர் அதிகமாக இருந்தால் கிளாஸ்டிரிடியம் என்று வேறொரு கூட்டம் வந்து பியூட்டிரிக் அமிலம் விடும். கெட்ட வெண்ணெய் நாற்றம் அதுதான். (ஐரோப்பாவில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கோம்த்தே, க்ருயேர் மாதிரியான பாலாடைக் கட்டிகளுக்குப் பால் தரும் மாடுகளுக்குச் சைலேஜே வைக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். இந்தக் கிளாஸ்டிரிடியம் வித்துகள் தீனியிலிருந்து சாணம், மடி வழியாகப் பாலுக்குள் போனால், மாதக்கணக்கில் முதிரும் பாலாடைக் கட்டி உள்ளே வாயு பிடித்து உப்பி வெடித்துவிடும். நம் ஊர்ப் பால் சொசைட்டிக்கு அந்தக் கவலை இல்லை.)

ஆக, ஊறுகாய்க்கும் இதற்கும் உறவு என்ன? ஊறுகாயில் காவல் காப்பது உப்பும் எண்ணெயும் புளிப்பும். அதை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். சைலேஜில் காவல்காரன் உள்ளேயே பிறக்கிறான், உப்பு வெறும் ருசிக்கு மாதிரி. "உப்புத் தண்ணியில் கிடக்கும் வடுமாங்காயும் கொஞ்சம் புளிக்கத்தானே செய்யும்" என்று யாராவது கேட்பீர்கள். வாஸ்தவம்தான், ஆனால் வடுமாங்காய் ஜாடியைத் தினமும் திறந்து நாலு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். என் டிரம்மில் அது நடக்காது. நிஜமாகவே ஊறுகாய் என்று சொல்லத் தக்க முறை ஒன்று இருக்கிறது, அது ஃபின்லாந்தில். ஆர்த்துரி இல்மாரி விர்த்தனென் என்ற வேதியியலாளர், பாக்டீரியா அமிலம் விடும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் நேரடியாகவே புல்லின் மேல் ஊற்றி பிஎச்சை 4-க்குக் கீழே இறக்கினார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளையே சேர்த்து ஏஐவி தீவனம் என்றார்கள். 1945-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, காரணமாகச் சொல்லப்பட்டதில் இந்தத் தீவன முறைதான் முக்கியம். மாட்டுத் தீனிக்கு நோபல் என்று அம்மாவிடம் சொன்னேன். "அந்தூர்ல வெயிலு இல்லையா, காய வெக்கறதுக்கு?" என்றார்.

வெயில் இருக்கிற ஊர்

அம்மா கேட்டதை முதலில் சிரித்துத் தள்ளினேன். யோசிக்க யோசிக்க அதில்தான் விஷயமே இருந்தது. புல்லை வைத்துக்கொள்ள உலகத்தில் இரண்டே வழி. ஒன்று காய வைப்பது, இன்னொன்று புளிக்க வைப்பது. வெயில் நம்பகமாக இருக்கிற இடத்தில் காய வைப்பார்கள், வெயிலை நம்ப முடியாத இடத்தில் புளிக்க வைப்பார்கள். எங்கள் பக்கம் சோளத்தட்டை அறுத்துக் காட்டிலேயே காயப் போட்டுக் கட்டுக் கட்டிப் போர் போட்டுவிட்டால் அடுத்த மழை வரை கவலை இல்லை. காங்கேயம் சுற்றிய கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல் நின்ற நிலையிலேயே காய்ந்து கிடக்கும், கிளுவை வேலிக்குள் மாட்டை விட்டால் அதுபாட்டுக்கு மேய்ந்துகொள்ளும். அதனால்தான் போர், கட்டு, தட்டு, சக்கை, கூளம் என்று காய்ந்த தீனிக்கு எங்களிடம் இத்தனை சொல். புளித்த தீனிக்கு ஒன்றும் இல்லை. சொல் இல்லாதது மொழியின் குறை கிடையாது, தேவை வரவில்லை. இப்போது கலப்பின மாடு வந்துவிட்டது, அதற்குக் காய்ந்த தட்டு மட்டும் போட்டால் பால் இறங்கிவிடும். வருடம் பூராவும் பச்சை வேண்டும், கிணற்றில் வருடம் பூராவும் தண்ணீர் இல்லை. பொருள் பின்வாசல் வழியாக வந்துவிட்டது, பெயர் இன்னும் முன்வாசலில் நிற்கிறது.

மற்ற ஊர்க்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். அங்கே ஒரு வேடிக்கை. சைலேஜ் என்பது ஆங்கிலத்துக்கே சொந்தம் கிடையாது. ஸ்பானிய மொழியில் சிலோ என்றால் தானியம் போட்டு வைக்கிற நிலக்குழி. அது கிரேக்கத்தின் சிரோஸ் என்ற சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது என்பார்கள், அதற்கும் முந்தைய ஐபீரிய மண்ணின் சொல் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தக் குழியில் தானியத்துக்குப் பதில் பசுந்தீவனம் போனது. குழியில் இடுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆன்சிலாழ் என்றார்கள். ஒகுஸ்த் கொஃபார் என்ற பிரெஞ்சு விவசாயி பல வருடம் மக்காச்சோளத் தட்டைக் குழியில் போட்டுப் பார்த்து 1877-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார், இரண்டு வருடத்தில் அது அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலக்காரர்கள் அந்தப் பெயரை என்சிலேஜ் என்று அப்படியே எடுத்துக்கொண்டு, 1880-களில் முன்னால் இருந்த 'என்'னைக் கழற்றிவிட்டு சைலேஜ் ஆக்கினார்கள். இன்றைக்கும் கறாரான ஆட்கள் செய்கிற வேலைக்கு என்சிலேஜ், கிடைக்கிற பொருளுக்குச் சைலேஜ் என்று பிரித்து எழுதுவார்கள். ஆக மொத்தத்தில் அந்தச் சொல் புளிப்பைப் பற்றியோ ஊறலைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்வதில்லை. எங்கே போட்டாய் என்பதை மட்டும் சொல்கிறது. குழியில் போட்டேன், அவ்வளவுதான்.

இதே சிலோவைத்தான் என் அலுவலகத்தில் வாரம் இரண்டு தடவை கேட்கிறேன். "நம்ம டீம் எல்லாம் சைலோவுல வேலை செய்யுது, அதை உடைக்கணும்" என்று (ஒருவரோடொருவர் சேராமல் தனித்தனியாக என்று அர்த்தம்) மேலாளர் சொல்லும்போதெல்லாம் எனக்கு டிரம் மூடிதான் ஞாபகத்துக்கு வரும். ஐயா, உடைத்தால் பூசணம் பிடிக்கும் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

தெலுங்குக்காரர்கள் பாதர கட்டி என்கிறார்கள். பாதர என்றால் தானியம் சேமிக்கும் நிலக்குழி, கட்டி என்றால் புல். ஸ்பானியக்காரர்கள் எப்படி யோசித்தார்களோ அச்சு அசலாக அப்படியே, அவர்களைக் கேட்காமலே! மராட்டியில் முர்காஸ். முரணே என்றால் ஊறி முதிர்வது, அவர்கள் ஊறுகாய்க்கும் அந்த வினையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் காயை விட்டுவிட்டு வினையை மட்டும் எடுத்துக்கொண்டு தீனியோடு ஒட்டிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள். கன்னடத்தில் ரசமேவு, சாறுள்ள தீனி. இந்திக்காரர்கள் சைலேஜ் என்றே சொல்லிவிட்டு, விளக்கம் கேட்டால் பச்சைத் தீவனத்தின் அசார் என்கிறார்கள், நம்மைப் போலவே ஊறுகாய். ஒவ்வொருவரும் ஒவ்வொரு முனையைப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் இடத்தை, ஒருவர் காலத்தை, ஒருவர் ஈரத்தை. நாமும் இந்திக்காரர்களும் பயனைப் பிடித்திருக்கிறோம். ஒரு பருவத்தில் மலிந்ததை இன்னொரு பருவத்தில் தின்னலாம் என்கிற பயனை.

இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு சங்கதி. பள்ளியில் வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டு என்றாலே ஊறுகாய்தான். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலமும் ஒன்றுக்குள் ஒளிந்திருக்கிறது. அப்படியானால் புல்லுக்கு ஊறுபுல் என்றுதானே வந்திருக்க வேண்டும்? நடுவில் காய்க்கு என்ன வேலை? ஊறுகாய்ப் புல் என்பதில் காயும் இருக்கிறது, புல்லும் இருக்கிறது, நாங்கள் டிரம்மில் போடுவதோ பெரும்பாலும் தட்டு. ஊறுபுல் என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன், வாய்க்கும் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு தமிழாசிரிய நண்பர் குண்டைப் போட்டார்: ஊறு என்றால் கேடு என்றும் பொருள் இருக்கிறதே, ஊறு விளைவிக்கும் புல் என்று எவனாவது படிப்பானே என்று. சரி, ஊறல் தீவனம்? ஊறல் என்ற சொல்லை எங்கள் பக்கம் உரக்கச் சொன்னால் போலீஸ் வரும். "காட்டுக்குள் இருநூறு லிட்டர் ஊறல் கண்டுபிடிப்பு" என்று செய்தியில் வருகிற ஊறல் வேறு, அதுவும் இதே மாதிரி நீல டிரம்மில்தான் இருக்கும். என் தோட்டத்தில் அந்தப் பெயர் வேண்டாம்.

அம்மா முகர்ந்து பார்த்த நாள்

இரண்டாவது டிரம் மக்காச்சோளம். மணி பால் பிடித்து மாவு கட்டுகிற பருவத்தில், கதிரோடு சேர்த்து அறுத்தது. அந்தச் சமயத்தில் தட்டில் தண்ணீரும் சர்க்கரையும் ஏறக்குறைய வேண்டிய அளவில் இருக்கும். ஒரு அங்குல நீளத்துக்குள் வெட்டி ஒரு பிடி எடுத்து கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பார்க்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் ஜாஸ்தி, விட்டவுடன் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ச்சல் ஜாஸ்தி. உருண்டை மெல்லப் பிரிந்தால் பதம். எனக்கு மூன்று தடவை பிடித்துப் பார்த்தும் நிச்சயம் வரவில்லை. அம்மா ஒரு தடவை பிடித்துவிட்டு "போடு" என்றார். அடுக்கடுக்காகப் போட்டு ஏறி மிதித்தோம், பாலித்தீன் விரித்து மூடியைப் போட்டு வளையத்தை இறுக்கினோம். நான் கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது அம்மா தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து மூடி மேல் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். "நீ வந்து தொறந்து பாக்காத" என்றார்.

நாற்பத்தைந்து நாளைக்கு இரண்டு நாள் கூடவே ஆனது. திறந்தபோது நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன், பழைய ஞாபகம். அம்மா குனிந்து, ஒரு கை அள்ளி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தார். நிறம் பச்சையும் மஞ்சளும் கலந்து, பழுத்த இலை மாதிரி. சேறு இல்லை, கையில் ஒட்டவில்லை, கணு கணுவாக வெட்டின வடிவம் கூட அப்படியே இருந்தது. அம்மா மறுபடியும் முகர்ந்துவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, இதயா ஊறுகான்னு சொன்ன? இது புளிச்ச மாவாட்டல்ல வாசம் அடிக்குது!"

நானும் கிட்டப் போய் முகர்ந்தேன். ஆமாம். காலையில் மாவுச் சட்டியின் மூடியைத் தூக்கும்போது வருமே, அதேதான், கூடக் கொஞ்சம் பழ வாசனை. அந்த இடத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த வேலையில் அம்மாவுக்கு அறுபது வருட அனுபவம் இருந்திருக்கிறது. இட்லி மாவு, பழைய சோறு, நீராகாரம், மோர் எல்லாமே இதே லாக்டிக் அமிலக் கூட்டத்தின் கைவேலைதான். மாவு எவ்வளவு நேரத்தில் பொங்கும், குளிர் நாளில் ஏன் பிந்தும், மாவை மூடி வைத்துவிட்டால் ஏன் கிளறக் கூடாது, எந்த வாசனை வரை சரி, எதற்கு மேல் கெட்டது, எல்லாம் அவர் மூக்குக்குத் தெரியும். முதல் டிரம்மின்போது நான் "மாவு புளிக்க வெக்கற மாதிரிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னை மூடியில் கை வைக்கவே விட்டிருக்க மாட்டார். நான் ஊறுகாய் என்றேன். அவரும் "சரி, ஊறுகான்னா கிளறித்தான ஆகோணும்" என்று பேசாமல் இருந்துவிட்டார். பிறகு கேட்டபோது அப்படித்தான் சொன்னார்.

முதல் நாள் இரண்டு கிலோ மட்டும், வழக்கமான தீனியோடு கலந்து, பால் கறந்த பிறகு. முன்னால் வைத்தால் அந்த வாசனை பாலுக்கு ஏறிவிடும். செவலை மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது, ஒரு நிமிடம் யோசித்தது, அப்புறம் தொட்டியின் அடியை நக்கும்வரை நிமிரவில்லை. பத்து நாளில் அளவைக் கூட்டினோம். மற்ற இரண்டும் கயிறை இழுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிட்டன. பால் எவ்வளவு கூடியது என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த வாரம் பருத்திக்கொட்டையும் மாற்றியிருந்தோம், எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தீனிக்கு அலையவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

புளிச்ச தட்டு

அன்றைக்கிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் புளிச்ச தட்டு. அம்மா தானாகச் சொல்ல ஆரம்பித்தது. "புளிச்ச தட்டு ரெண்டு கூடை எடுத்துட்டு வா" என்பார். எனக்கு அதில் அப்படியொரு பெருமை. ஒரு தமிழ்ச் சொல் என் கண் முன்னால் பிறந்திருக்கிறது என்று, எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதிப் போட்டேன். ஊறுகாய்ப் புல் என்ற பெயர் தப்பு வழி காட்டுகிறது, இனிமேல் புளிச்ச தட்டு என்போம் என்று. நாலு கட்டைவிரல் வந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமா மட்டும் குரல் பதிவாகப் பதில் போட்டார். அவர் பத்து வருடமாகக் குழி வெட்டிச் சைலேஜ் போடுகிறவர், மீந்ததை மூட்டை கட்டி விற்கவும் செய்கிறார். "மாப்ள, நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா புளிச்சுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமுங்க. புளிச்ச தட்டுன்னு நான் வித்தா எவன் வாங்குவான்? மாவு புளிச்சா மூணாம் நாளு கீழ ஊத்தறோம். இது ஒரு வருசம் இருக்குமுங்க."

ஒரு வாரம் அதற்குப் பதில் தேடினேன், கிடைக்கவில்லை. ஊறுகாய் என்று பெயர் வைத்த ஆள், அவர் யாராக இருந்தாலும், முட்டாள் இல்லை. பச்சைப் புல்லை மூடி வைத்தால் அழுகத்தான் செய்யும் என்று பரம்பரையாக நம்புகிற ஒருவரிடம் போய் நின்று, இல்லை, இது இருக்கும், மாங்காய் இருக்கிற மாதிரி இருக்கும் என்று நம்ப வைக்க வேண்டியிருந்தது அவருக்கு. அந்த ஒரு வேலையை ஊறுகாய் என்ற சொல் பார்த்துவிடுகிறது. எப்படிச் செய்வது என்று அது சொல்வதில்லை, செய்யலாம் என்று மட்டும் சொல்கிறது. அம்மாவின் சொல் எப்படி என்று சொல்கிறது, ஆனால் எவ்வளவு நாள் என்பதில் பொய் சொல்கிறது. இரண்டையும் சொல்கிற ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். பதப்படுத்திய பசுந்தீவனம் என்று எழுதுகிறார்கள், தப்பே சொல்ல முடியாது. தப்பே சொல்ல முடியாத சொற்களை யாரும் கட்டுத்தரையில் நின்று சொல்வதில்லை என்பதுதான் தொந்தரவு.

மாமா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் சைலேஜ் என்றுதான் சொல்கிறார், அதுவும் அவர் வாயில் 'சைலேசு'. லாரிக்காரர் சைலேஜ் மூட்டை என்கிறார். தட்டு வெட்ட வருகிற பையன்கள் சைலேஜ் போடறதுக்கு நாள் சொல்லுங்க என்கிறார்கள். யாருக்கும் அது ஸ்பானியக் குழி என்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எந்தப் பழைய ஞாபகமும் ஒட்டாத வெற்றுச் சொல்லாக இருப்பதால் அது யாரையும் தப்பான பக்கம் இழுப்பதும் இல்லை. தமிழ்ச் சொல் வேண்டும் என்று சண்டை போடுகிற எனக்கு இதை ஒப்புக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது டிரம்மை இரண்டு வாரத்துக்கு முன்னால் மூடினோம், இந்தத் தடவை சோளம். போன சனிக்கிழமை போனபோது மூடியில் ஒட்டியிருந்த காலண்டர் தாளில் ஒரு ஓரத்தை எறும்பு தின்றிருந்தது, பருக்கைப் பசைக்காக. தேதி தெரிந்தது. என் கை தன்னால் வளையத்துப் பக்கம் போயிருக்கும் போலிருக்கிறது, கட்டுத்தரையில் சாணி வழித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே "இன்னும் முப்பத்தொரு நாளு இருக்குது" என்றார்.